கெழு: ஒரு கணிதச் சொல்லின் எழுத்தும் பொருளும் பிறப்பும்

நம் இல்லங்களில் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பயிலும் பிள்ளைகளின் கணக்குக் குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இயற்கணிதம் தொடங்கும் பக்கத்தில் ‘கெழு’ என்றொரு சொல் இருக்கும். சில ஏடுகளில் அது ‘கெளு’ என்றிருக்கும். சிலவற்றில் ‘கேழு’ என்றிருக்கும். ‘கெலு’ என்று எழுதிய பிள்ளைகளும் உண்டு. பிள்ளையை அருகழைத்து, “இதற்கு என்ன பொருள்?” என்று கேளுங்கள். “எழுத்துக்கு முன்னால் இருக்கிற எண்” என்று விடை வரும். “அந்த எண்ணுக்கு ஏன் கெழு என்று பெயர்?” என்று அடுத்துக் கேட்டால் பிள்ளை விழிக்கும். அருகில் நிற்கும் தாய் தந்தையரும் பெரும்பாலும் விழிப்பர்.

இதைச் சிறு குறையென்று தள்ளிவிட இயலவில்லை. ஆரணியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நெடுங்காலம் கணக்கும் தமிழும் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு வரையில் முகமலர்ச்சியோடு வந்த பிள்ளைகள் இயற்கணிதத்தின் வாயிலில் வந்து திகைத்து நிற்கின்றனர். “எனக்குக் கணக்கு வராது” என்ற சொல்லை முதன்முதலாக அவர்கள் சொல்லுவது அங்கேதான். அந்நாளில் எட்டாம் வகுப்போடு ஏட்டை மூடிவிட்டுத் தறிக்குழியில் இறங்கியவர்களுள் கணக்கில் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருந்தனர் என்று நான் நினைக்கவில்லை; சொல் விளங்காமல் கணக்கை விட்டவர்களும் இருந்தனர். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே கற்பித்த பாடம். கணக்கைப் பொறுத்தவரை நாம் அவ்வழியில் செல்கிறோம். கணக்கின் சொல்லைப் பொறுத்தவரை செல்வதில்லை.

ஆகவே இவ்விதழில் ‘கெழு’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் அச்சொல் கணக்கில் எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நமக்குத் தெரியாத ஓர் எண் இருக்கிறது. அதற்கு ‘யா’ என்று பெயரிடுவோம். (க என்று வைக்கலாமே என்று தோன்றும். பழைய தமிழ் எண்களில் ஒன்று என்பதற்கு உரிய வடிவம் க போலவே இருப்பதால் அது குழப்பம் தரும். ‘யா’ ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.) 7 யா + 3 என்பது ஒரு கோவை. இதில் 7 யா ஓர் உறுப்பு. 3 மற்றோர் உறுப்பு. யாவின் மதிப்பு மாறக்கூடியது. ஆதலின் அது மாறி. 3 மாறாதது, ஆதலின் அது மாறிலி. யாவோடு பெருக்கலாய்ப் பொருந்தி நிற்கும் 7 என்பதே யாவின் கெழு.

‘பொருந்தி நிற்கும்’ என்றேன். அந்தச் சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குச் செல்லுமுன் எழுத்தைச் சரிசெய்துவிடுவோம்.

ககர எகரம் குறில். அடுத்தது சிறப்பு ழகரத்தின் உகரம். ளகரம் இட்டு எழுதினால் ‘கெளுத்தி’ என்னும் மீனின் பெயர்தான் பாதி வந்து நிற்கும். புலால் மறுத்த நம் வீட்டுப் பிள்ளையின் ஏட்டில் அது எதற்கு? நெடிலிட்டுக் ‘கேழு’ என்று எழுதுவோர்க்கு ஒரு சிறு நியாயம் உண்டு. பழைய செய்யுட்களில் இச்சொல்லே ‘கேழ்’ என்று நீண்டும் வரும். ஆனால் நீளும்போது ஈற்று உகரம் நில்லாது. கெழு, கேழ் என்னும் இரண்டும் சொற்களே, கேழு என்பது இரண்டுக்கும் நடுவே பிறந்த பிழை. நாம் களியும் கூழும் ஆக்கும் கேழ்வரகின் பெயரில் இந்தக் கேழைக் கண்டு, ‘நிறமுள்ள வரகு’ என்று பொருள் கூறுவோரும் உளர். தனிக்குறிலை அடுத்து வருவதால் கெழுவின் ஈற்றுகரம் முற்றியலுகரம். எனவே உருபு ஏற்கும்போது பசுவை, பசுவின் என்பன போலக் கெழுவை, கெழுவின் என்று வரும். பன்மையில் ‘கெழுக்கள்’ என்பதே பாடநூல் வழக்கு.

இனிப் பொருள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில் ‘குரு’, ‘கெழு’ என்னும் இரண்டு உரிச்சொற்களுக்கும் நிறம் என்று பொருள் கூறுகிறார். அது அச்சொல்லின் ஒரு பொருள். சங்க நூல்களில் அதைவிட மிகுதியாக வழங்கும் பொருள் வேறு: பொருந்துதல், நிறைதல், கூடி நிற்றல். வளங்கெழு, புகழ்கெழு, சினங்கெழு என்னும் தொடர்களை மேல்வகுப்புச் செய்யுட் பகுதியில் படித்திருப்பீர்கள். ‘வளங்கெழு நாடு’ என்றால் வளம் பொருந்திய நாடு. முன்னால் ஒன்று நிற்கிறது. பின்னால் ஒன்று நிற்கிறது. இடையில் நின்று அவ்விரண்டையும் ஒன்றாக்கும் சொல் கெழு. கெழுமுதல் என்னும் வினையும் இதன் வழிவந்ததே. அதற்குக் கூடிப் பழகுதல், நட்புக்கொள்ளுதல் என்பன பொருள்.

பொன்னூர் மலையில் தவமிருந்த குந்தகுந்தாசாரியரோடு நம் முன்னோர் தொடர்புபடுத்திப் போற்றிவரும் திருக்குறளில் இச்சொல்லின் நெருங்கிய உறவு ஒன்று வருகிறது. எண்பத்தோராம் அதிகாரமான பழைமையில் 802, 803, 804 ஆகிய மூன்று குறட்பாக்களிலும் அடுத்தடுத்துக் ‘கெழுதகைமை’, ‘கெழுதகை’ என்னும் சொற்கள் உள்ளன. நெடுநாள் பழகிய நண்பர் உரிமையோடு செய்யும் செயலை அச்சொல் குறிக்கும். கேளாமலே உரிமையால் ஒன்றைச் செய்துவிடும் நட்பே அவ்வதிகாரத்தின் பேச்சு. 802ஆம் குறளில் ‘உறுப்பு’, ‘கெழுதகைமை’ என்னும் இரண்டும் ஒருங்கே நிற்பதைப் பாருங்கள். இயற்கணிதப் பாடத்தின் முதற்பக்கத்தில் பிள்ளை மனப்பாடம் செய்யும் இரண்டு சொற்கள் திருக்குறளின் ஓரடியில் அருகருகே இருக்கின்றன. வள்ளுவர் கணக்கை எண்ணி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். அதன்பின் அச்சொல் மறக்காது.

பொருந்தும் தன்மையைக் குறித்த சொல், பொருந்தி நிற்கும் எண்ணுக்கே பெயரானது எப்படி? இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘வற்றல் தின்றான்’ என்கிறோம். வற்றுதல் தொழில், தின்னப்படுவது வற்றிய பொருள். தொழிலின் பெயர் அத்தொழிலுக்கு உட்பட்ட பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறோம். கெழுவும் அவ்வாறே. பொருந்துதலைக் குறிக்கும் அடிச்சொல், பொருந்துகிற எண்ணுக்குப் பெயராகிவிட்டது.

பொருள் விளங்கியபின், நான்கு விதிகளாகப் பிள்ளைகள் உருப்போடும் செய்திகள் தாமே விளங்கத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

7 யா என்று எழுதும்போது இடையில் பெருக்கல் குறி இல்லை. ஏன் இல்லை? கெழுதகைமை உடையவர்க்கு வாயிலில் நின்று கேட்கும் வழக்கம் இல்லை. உரிமையோடு உள்ளே வருவர். 7உம் யாவும் அத்தகைய உறவில் நிற்கின்றன. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளைகள் அதில் விழுவர். யாவின் மதிப்பு 3 என்றால் 7 யா எவ்வளவு என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளையும் 73 என்று எழுதும். ஐந்தாம் வகுப்பு வரையில் அது கற்றதெல்லாம் இடமதிப்பு. 7ஐ அடுத்து 3 வந்தால் எழுபத்து மூன்று. அப்பிள்ளையைக் கடிந்து பயனில்லை. ‘இங்கே 7 அருகில் உட்காரவில்லை, பொருந்தி நிற்கிறது’ என்று சொல்லுக்குள் அழைத்துச் சென்றால் 21 தானே வரும்.

7 + யா என்னும் கோவையில் யாவின் கெழு எது? 7 என்பர் பலர். 7 இங்கே அண்டை வீட்டார் மட்டுமே. இடையில் கூட்டல் என்னும் சுவர் இருக்கிறது. யாவின் கெழு இங்கே 1. அந்த 1 எழுதப்படவில்லையே எனில், நம் மொழியில் எழுதப்படாமல் இருப்பது எல்லாம் இல்லாததா? ‘பால் குடித்தான்’ என்னும்போது ஐ என்னும் உருபு எங்கே? தொக்கு நிற்கிறது என்கிறோம். வேற்றுமைத்தொகை அறிந்த பிள்ளைக்கு மறைந்து நிற்கும் ஒன்று என்னும் கெழுவை விளக்க ஒரு நிமிடம் போதும். யாவின் முன் கழித்தல் குறி மட்டும் நின்றால் மறைந்திருக்கும் கெழு −1.

இன்னொன்று. ‘5 யா கா’ என்னும் உறுப்பில் கெழு எது என்று வினாத்தாளில் வெறுமனே கேட்டிருந்தால் அவ்வினா குறையுடையது என்பேன். கெழு உறவுப்பெயர். ‘அக்காள்’ என்று ஒருத்தியைச் சொன்னால், யாருக்கு அக்காள் என்று கேட்கமாட்டோமா? அதுபோல எதற்குக் கெழு என்று கேட்கவேண்டும். யா கா என்னும் பெருக்கத்துக்குக் கெழு 5. யாவுக்குக் கெழு 5 கா. காவுக்குக் கெழு 5 யா. எண் மட்டுந்தான் கெழுவாக இருக்கமுடியும் என்ற எண்ணத்தை முதல் நாளிலேயே விதைத்துவிட்டால் மேல்வகுப்பில் அதைப் பிடுங்கப் பெரும்பாடு படவேண்டும். எண்ணாக இருக்கும் கெழுவை ‘எண் கெழு’ என்று தனியே சொல்வது அதனால்தான்.

இப்போது ‘யா’வுக்கு வருவோம். இதற்காக நம் சமய நூலொன்றின் பக்கம் திரும்பவேண்டியிருக்கிறது. சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றாகிய ஸ்தானாங்க சூத்திரம் பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை வாரியாக அடுக்கிச் செல்லும் நூல். அதில் பத்து பத்தாக உள்ளவற்றைக் கூறும் பகுதியில் கணிதத்தின் பத்து வகைகளும் கூறப்படுகின்றன. பரிகர்மம், வியவகாரம், ரஜ்ஜு, ராசி, கலாசவர்ணம், யாவத்தாவத், வர்க்கம், கனம், வர்க்கவர்க்கம், விகற்பம் என்பன அவை. ஆறாவதாக நிற்கும் ‘யாவத்தாவத்’ என்பது வடமொழி எழுத்து. மூலம் இருப்பதோ அர்த்தமாகதிப் பிராகிருதத்தில். அங்கே அது ‘ஜாவம்தாவதி’ என்று ஜகரத்தில் தொடங்கும். வடமொழியில் சொல்லின் முதலில் நிற்கும் யகரம் பிராகிருதத்தில் ஜகரமாவது இயல்பு. யமுனை வடக்கே ஜமுனா என்று வழங்குவதும் இவ்வகையே. ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அத்தொடரின் பொருள். எவ்வளவென்று இன்னும் தெரியாத ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? பதினோராம் நூற்றாண்டு உரைகாரர் அபயதேவசூரி அதைப் பெருக்கல் என்னும் பொருளில் விளக்கினார். நம் காலத்து ஆய்வாளர் பிபூதிபூஷண் தத்தர் அதைத் தெரியாத எண்ணைக் கண்டறியும் சமன்பாட்டுக் கணக்கு என்று கொண்டார். எவ்வாறாயினும், பிற்காலக் கணித நூல்களில் தெரியாத எண்ணின் பெயராக நிலைத்தது இந்த யாவத்தாவத்தே. அதன் முதலெழுத்தே ‘யா’.

ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தபோது காலகம், நீலகம், பீதகம், லோகிதகம் என்று நிறங்களின் பெயரை வைத்து, கா, நீ, பீ, லோ என்று முதலெழுத்தால் குறித்தனர். கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. 628இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலிலேயே தெரியாத எண்களுக்கு ‘வர்ணம்’ என்ற பெயர் உண்டு. அங்கே தெரியாத எண் நிறம். இங்கே தொல்காப்பியர் உரைப்படி கெழு நிறம். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கவனியாமல் இருக்க முடியவில்லை. ஆயினும் இவ்விரண்டையும் முடிச்சிட்டு ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று சொல்லிவிடக்கூடாது. தற்செயலாக ஒத்தவை, அவ்வளவே.

பிரம்மகுப்தரின் நூலுக்கு ஏறத்தாழ 860இல் உரை எழுதிய பிருதூதகசுவாமி ஒரு சமன்பாட்டை எழுதும் முறையைப் பாருங்கள். மேல் வரியில் ‘யாவ 0 யா 10 ரூ 8’ என்றும், அதன் கீழ் ‘யாவ 1 யா 0 ரூ 1’ என்றும் இரண்டு வரிகள். ‘யாவ’ என்றால் யாவின் வர்க்கம். ‘ரூ’ என்பது ரூபம், அதாவது மாறிலி. மேல் வரியில் உள்ள 8இன் தலையில் ஒரு புள்ளி இருக்கும். அவ்வெண் கழிக்கப்படுவது என்பதற்கு அடையாளம். நாம் புள்ளியிட்டு எழுத்தின் உயிரை நீக்குகிறோம்; அவர்கள் புள்ளியிட்டு எண்ணைக் கடனாக்கினர். இரண்டு வரிகளும் சமம் என்பது கருத்து. இன்றைய முறையில் சொன்னால், 10 யாவிலிருந்து 8ஐக் கழித்தால் யாவின் வர்க்கத்தோடு 1 கூட்டியதற்குச் சமம்.

இதில் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது ஒன்றுண்டு. அம்முறையில் கெழு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. ‘எழுத்துக்கு முன்னால் இருக்கிற எண்’ என்ற விளக்கம் அங்கே பொய்த்துப்போகும். ‘பொருந்தி நிற்கிற எண்’ என்ற விளக்கம் பொய்க்காது. மேலும், ஒன்று என்னும் கெழுவை அவர்கள் மறைக்கவில்லை. பூச்சியம் என்னும் கெழுவைக்கூட மறைக்கவில்லை. மேல் வரியில் வர்க்கம் இல்லை என்பதை வெற்றிடமாக விடாமல் 0 என்று எழுதிக் காட்டினர். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் இவ்வாறே எழுதப் பயிற்சி கொடுத்தால் பின்னால் வரும் பிழைகளில் பாதி குறையும். இது என் அனுபவம். ஆசிரியர்கள் செய்து பார்க்கலாம்.

இத்தனை நுட்பமாக எழுதியவர்களும் கெழுவுக்கென்று ஒரே பெயரை வைத்துக்கொள்ளவில்லை என்பது வியப்பு. பிரம்மகுப்தர் ஓரிடத்தில் ‘சங்கியை’ என்கிறார். வேறிடங்களில் ‘குணகம்’, ‘குணகாரம்’ என்கிறார். பிருதூதகசுவாமி ‘அங்கம்’ என்றும் ‘பிரகிருதி’ என்றும் சொல்கிறார். ஏறத்தாழ அக்காலத்தவரே நம் மகாவீராசாரியர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில் கி.பி. 850ஐ ஒட்டிக் கணிதசாரசங்கிரகம் இயற்றிய திகம்பரர் அவர். அந்நூலை எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் வெளிவந்தது. அதன் முதல் அதிகாரம் சஞ்ஞைகளுக்கு, அதாவது பெயர்களுக்கும் குறியீடுகளுக்கும் உரியது. பெயர்களைத் தெளிவாக்கிய பின்னரே அவர் கணக்குக்குள் இறங்குகிறார். நம் பாடநூல்கள் பின்பற்றத்தக்க ஒழுங்கு இது.

‘குணகம்’ என்ற சொல்லை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். இலங்கையில் தமிழ்வழிக் கணக்கு நூல்களில் இயற்கணிதத்துக்கு ‘அட்சரகணிதம்’ என்றும் கெழுவுக்குக் ‘குணகம்’ என்றும் பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கெழு என்றால் தெரியாமற் போகலாம். நம் பிள்ளைக்கு அங்குள்ள நூல் விளங்காமற் போகலாம். தமிழ்நாட்டிலோ குணகம் வேறு வேலைக்குப் போய்விட்டது. மேனிலை இயற்பியலில் யங் குணகம், பருமக் குணகம் என்று பொருள்களின் மீள்தன்மையை அளக்கும் எண்ணுக்கு அது பெயர். ஒரே மொழி பேசுவோர்க்கு ஒரே சொல் இரண்டு பாடங்களில் இரண்டு பொருள். குழுக்கள் தனித்தனியே அமர்ந்து கலைச்சொல் ஆக்கினால் நேர்வது இதுதான்.

குணகம் என்பதன் அடியிலுள்ள ‘குண’ என்பதற்கு வடமொழியில் பண்பு என்பது மட்டும் பொருளன்று. நூலிழை, புரி என்பதும் பொருள். இரண்டு புரியாக முறுக்கியது துவிகுணம். மூன்று புரி திரிகுணம். அதிலிருந்தே இரு மடங்கு, மும்மடங்கு என்ற கருத்தும், பெருக்குதல் என்ற கருத்தும் பிறந்தன. ஆரணியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பட்டு நூலை இரண்டிழையாகவும் மூன்றிழையாகவும் சேர்த்து முறுக்குவதை நம் பிள்ளைகள் தெருவிலேயே காண்கின்றனர். மூன்றிழைப் பட்டில் இழை ஒவ்வொன்றும் தனித்தனியாய் அருகில் கிடப்பதில்லை. ஒன்றோடொன்று முறுக்குண்டு ஒரே நூலாகிறது. 3 யா என்பதும் அதுவே: யா என்னும் இழை மூன்று சேர்ந்த நூல். 3 யாவோடு 5 யாவைச் சேர்த்தால் 8 யா ஆகும், ஒரே பட்டிழை ஆதலால். 3 யாவோடு 5 காவைச் சேர்த்தால் 8 ஆகாது. பட்டும் சரிகையும் ஒரே சேலையில் இருந்தாலும் எடைபோடும்போது தனித்தனியே நிற்பவை அல்லவா? நம் தமிழிலோ பெருக்கத்துக்கு ‘மடங்கு’ என்கிறோம். அது துணியை மடிப்பதிலிருந்து வந்தது. வடமொழி இழையை எண்ணியது. தமிழ் மடிப்பை எண்ணியது. இரண்டும் நெசவுத் தெருவில் விளங்கும் சொற்களே.

ஐரோப்பியரின் சொல்லையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். ‘கோஎஃபிஷியன்ட்’ என்பது இலத்தீன் வழிவந்தது. உடன்நின்று ஆக்குவது என்பது அதன் உட்பொருள். அதைக் கணிதத்தில் வழங்கச் செய்தவர் பிரான்சு நாட்டு வியேத் (1540–1603). எழுத்துகளால் கணக்கிடும் முறையை 1591இல் வகுத்தபோது அவர் தெரியாத எண்களுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்த எண்களுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாவதை முதல் வகுப்பிலேயே கற்கும் நம் பிள்ளைகளுக்கு இம்முறை இனிக்கும். பின்னர் 1637இல் தேக்கார்த்து அகரவரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கும் முதலெழுத்துகளைத் தெரிந்தவற்றுக்கும் ஆக்க, அதுவே உலக வழக்காயிற்று. எக்ஸ் வந்த வழி அது.

ஆக, பெருக்குவது என்ற பொருளில் குணகம். உடன்நின்று ஆக்குவது என்ற பொருளில் ஐரோப்பியச் சொல். பொருந்தி நிற்பது என்ற பொருளில் கெழு. மூன்றையும் ஒப்பிட்டால் ‘உடன்’ என்னும் கருத்தில் ஐரோப்பியச் சொல்லுக்கு அணுக்கமாகவும், சுருக்கத்தில் அதைவிடச் சிறந்தும் நிற்பது கெழு. ஈருறுப்புக் கெழுக்கள், மாறுபாட்டுக் கெழு, ஒட்டுறவுக் கெழு என்று மேல்வகுப்புகளில் எத்தனை தொடர்களுக்கும் அது இடங்கொடுக்கிறது. பெருக்கும் வேலையைக் குணகம் நன்றாகக் காட்டுகிறது என்பதையும் மறுக்கமாட்டேன்.

தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கும் முயற்சி எளிதாக நடந்துவிடவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் இதற்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிஞர்களைக் கூட்டிச் சொற்களை ஆராய்ந்து 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. வடசொல்லை வைத்துக்கொள்வதா, பழந்தமிழ்ச் சொல்லைத் தேடி எடுப்பதா என்ற வழக்கு அப்போது சூடாக நடந்தது. கெழு என்ற சொல் வழங்குவது பழந்தமிழ்ச் சொல்லைத் தேடி எடுக்கும் நெறியின் பயன். அந்நெறியை நான் மதிக்கிறேன். ஆனால் சங்கச் செய்யுளிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பவர், அச்சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியாவது உடன் எழுதியிருக்கவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமையால்தான், கெழு கடினமானது என்று சொல்லிப் பெற்றோர் பிள்ளையை ஆங்கிலவழி வகுப்புக்கு மாற்றுகின்றனர். அங்கே அப்பிள்ளை ‘கோஎஃபிஷியன்ட்’ என்பதையும் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்கிறது. எழுத்துகள் கூடியதன்றி வேறென்ன பயன்? தமிழாசிரியரும் கணக்காசிரியரும் ஒரே பள்ளியில், ஒரே அறையில் அமர்ந்து உண்கின்றனர். இச்சொல்லைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டால் போதும்.

வீட்டில் செய்துபார்க்கச் சில கணக்குகள் தருகிறேன். தாய்மார் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்கலாம்.

யா − 5 கா + 12 என்னும் கோவையில் யாவின் கெழு யாது? காவின் கெழு யாது? 12ஐ யாதென்று சொல்வோம்? அடுத்து, யாவை மூன்றால் வகுத்து எழுதிய உறுப்பில் யாவின் கெழு 3 என்கிறாள் ஒரு சிறுமி, சரியா? 6 யா கா என்பதில் யாவின் கெழு யாது? ஒரு நெசவாளர் ஒரு பாவில் 4 சேலை நெய்கிறார். சேலை ஒன்றுக்குக் கூலி யா ரூபாய். முன்பணமாக வாங்கிய 900 ரூபாயைக் கழித்துக்கொள்கின்றனர். அவர் கைக்கு வரும் தொகையைக் கோவையாக எழுதி, அதில் கெழு எதைக் குறிக்கிறது என்று சொல்லவேண்டும். கணக்குக்காகக் கூலி 2000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தொகை எவ்வளவு? கடைசியாக, பிருதூதகசுவாமியின் சமன்பாட்டில் யாவுக்கு 9ஐயும், பிறகு 1ஐயும் இட்டு, இரண்டு வரிகளும் சமமாகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

விடைகள்: யாவின் கெழு 1, காவின் கெழு −5, 12 மாறிலி. சிறுமி சொன்னது சரியன்று. கெழு மூன்றில் ஒன்று. யாவின் கெழு 6 கா. கோவை 4 யா − 900. கெழுவாகிய 4 சேலைகளின் எண்ணிக்கை. தொகை 7100 ரூபாய். யா 9 எனின் மேல் வரியும் கீழ் வரியும் 82. யா 1 எனின் இரண்டும் 2.